பாதைக்கேற்ற எஞ்சின்

நுழையும்முன்

ஓர் நிலத்தில் உருவான பொறி வேறொரு நிலத்தில் உழைக்க வேண்டுமாயின், அந்நிலத்தின் மலைக்கும் காற்றுக்கும் வெப்பத்திற்கும் பாதைக்கும் அது இசைந்தாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வடிவமைக்கப்பட்ட டீசல் எஞ்சின்கள் தென் அமெரிக்க நாடுகளுக்குச் சென்றன. அங்கே அவற்றை எதிர்கொண்ட பாதைகள் பிறந்த இடத்துப் பாதைகளைப் போன்றவை அல்ல. பாதையை மாற்றுவதா, எஞ்சினை மாற்றுவதா என்ற வினாவிற்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளை விளக்குகிறது இப்பாடம்.

மலையேறும் தொடர்வண்டி

பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் கடல்மட்டத்தில் புறப்படும் தொடர்வண்டி, தலைநகர் லிமாவைக் கடந்து ஆண்டிஸ் மலைத்தொடரில் ஏறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவுக்குள் அது 4,781 மீட்டர் உயரத்திலுள்ள கலேரா சுரங்கப்பாதையை அடைகிறது. 1870ஆம் ஆண்டு ஹென்றி மெய்க்ஸ் என்னும் அமெரிக்க ஒப்பந்தக்காரரால் தொடங்கப்பட்ட இப்பாதையை வடிவமைத்தவர் போலந்து நாட்டுப் பொறியாளர் எர்னஸ்ட் மாலினோவ்ஸ்கி. 1893இல் லா ஒரோயா நகரையும், 1908இல் வான்காயோ நகரையும் பாதை எட்டியது. 2006இல் திபெத்திற்குச் செல்லும் சீன இருப்புப்பாதை திறக்கப்படும்வரை, உலகின் மிக உயரமான இருப்புப்பாதை என்னும் பெருமை இதற்கே இருந்தது.

இம்மலையில் ஏறும் பயணிகள் மூச்சுத்திணறலுக்கு ஆளாவதுண்டு. அவர்களுக்காக வண்டியில் ஆக்சிஜன் எடுத்துச் செல்லப்படும். திணறுவது மனிதர் மட்டுமன்று. வண்டியை இழுக்கும் எஞ்சினும் எரிபொருளை எரிக்கக் காற்றை நம்பியே இருக்கிறது. மலை உச்சியில் அதற்கும் மூச்சு போதாமல் போகிறது. சமவெளியில் சிறப்பாக உழைத்த எஞ்சின் இங்கே வலுவிழந்து நிற்கும். தென் அமெரிக்காவிற்கு எஞ்சின் அனுப்பிய நிறுவனங்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களுள் இஃது ஒன்று மட்டுமே.

ஒரு கண்டம், பல அகலங்கள்

இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தொலைவே இருப்புப்பாதையின் அகலம் எனப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர். தென் அமெரிக்காவில் அத்தகைய ஒருமை இல்லை. அர்ஜென்டினாவில் 1,676, 1,435, 1,000 மில்லிமீட்டர் என மூன்று அகலங்கள் உள்ளன. பிரேசிலின் பெரும்பகுதிப் பாதைகள் மீட்டர் அகலமுடையவை. எஞ்சியவற்றுள் பல 1,600 மில்லிமீட்டர் அகலமுடையவை. சிலி நாட்டின் தெற்கே 1,676 மில்லிமீட்டரும், வடக்கே மீட்டர் அகலமும் காணப்படுகின்றன. பொலிவியா மீட்டர் அகலத்தையும், ஈக்வடார் 1,067 மில்லிமீட்டரையும், கொலம்பியா 914 மில்லிமீட்டரையும் முதன்மையாகக் கொண்டன.

இவ்வேறுபாட்டின் வேர் வரலாற்றில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இப்பாதைகளுள் பெரும்பாலானவை ஒரு நாட்டை இணைக்கும் திட்டத்தோடு அமைக்கப்படவில்லை. சுரங்கத்தில் எடுத்த கனிமத்தையும், வயலில் விளைந்த காப்பியையும் கோதுமையையும் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்ப்பதே அவற்றின் நோக்கம். முதலீடு செய்தவர் எவரோ, அவர் விரும்பிய அகலத்தில் பாதை அமைந்தது. மலைப்பகுதிகளில் செலவைக் குறைக்கக் குறுகிய பாதைகள் போடப்பட்டன. குறுகிய பாதை கூர்மையாக வளைய முடியும். எனவே மலையைக் குடையும் வேலை குறையும். மெல்லிய தண்டவாளங்களும், சிறிய பாலங்களும், தாழ்வான சுரங்கப்பாதைகளும் அன்றைய தேவைக்குப் போதுமானவையாக இருந்தன.

அரை நூற்றாண்டு கடந்தபின் அதே பாதைகள் பன்மடங்கு சுமையை ஏற்க வேண்டிவந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதையைப் பெயர்த்தெடுத்துப் புதிதாக அமைக்க அந்நாடுகளிடம் பொருள்வளம் இல்லை. பாதை அப்படியே இருக்க, எஞ்சின்தான் மாற வேண்டியிருந்தது.

டீசலை நாடிய காரணம்

தென் அமெரிக்காவில் நல்ல நிலக்கரி அரிது. நீராவி எஞ்சின்களுக்கான நிலக்கரியின் பெரும்பங்கு பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. உலகப் போர்க் காலங்களில் கப்பல் வரத்துக் குறைந்தபோது தொடர்வண்டிகள் தடுமாறின. பிரேசிலில் காடுகளின் விறகு எஞ்சினுக்கு இரையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அர்ஜென்டினாவில் ஏற்றுமதியாகாமல் தேங்கிய மக்காச்சோளத்தையே எரித்து வண்டிகளை ஓட்டினர்.

தண்ணீரும் ஒரு சிக்கலாக இருந்தது. சிலியின் அன்டோஃபகஸ்டா துறைமுகத்திலிருந்து பொலிவியாவிற்குச் செல்லும் பாதை, உலகின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றான அட்டகாமா பாலைவனத்தைக் கடக்கிறது. அங்கே நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வழங்க, மலையிலுள்ள ஊற்றுகளிலிருந்து நெடுந்தொலைவு குழாய் பதிக்க வேண்டியிருந்தது. டீசல் எஞ்சினுக்கோ கொதிகலன் இல்லை. குளிர்விப்பதற்கென உள்ளே சுற்றிவரும் சிறிதளவு நீரே அதற்குப் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நிலைமை மாறியது. 1948இல் அர்ஜென்டினா அரசு பிரிட்டிஷ் நிறுவனங்களின் இருப்புப்பாதைகளை நாட்டுடைமை ஆக்கியது. 1957இல் பிரேசில், பல்வேறு பாதைகளை இணைத்து ஒரே கூட்டாட்சி இருப்புப்பாதை நிறுவனத்தை உருவாக்கியது. பழைய நீராவி எஞ்சின்களுக்கு மாற்றுத் தேடிய இந்நாடுகள் அமெரிக்க நிறுவனங்களை நாடின. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த அல்கோ, இல்லினாய் மாநிலத்தின் லாகிரேஞ்ச் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்சின் எஞ்சின் பிரிவு, பென்சில்வேனியாவின் ஈரி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. உள்நாட்டில் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறும் பணி முடிவுறும் நிலையில் இருந்ததால், அவையும் வெளிநாட்டுச் சந்தையைத் தேடிக்கொண்டிருந்தன.

டீசல் மின் எஞ்சின் இயங்கும் முறை

தொடர்வண்டியின் டீசல் எஞ்சினில், டீசல் பொறி நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. பொறி ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து பிறக்கும் மின்சாரம், சக்கரங்களின் அச்சோடு பொருத்தப்பட்ட இழுவை மோட்டார்களுக்குச் செல்கிறது. மோட்டார்கள் பற்சக்கரங்களின் வழியே அச்சுகளைச் சுழற்றுகின்றன. ஆகவே இதனை டீசல் மின் எஞ்சின் என்பர். ஓடும் மின்நிலையம் என்று இதனைக் கருதலாம்.

அச்சுகள் தனித்தனியே எஞ்சினின் உடலில் பொருத்தப்படுவதில்லை. இரண்டு அல்லது மூன்று அச்சுகளை ஒரே சட்டத்தில் அமைத்து, அச்சட்டத்தின்மேல் எஞ்சினின் உடலை வைக்கின்றனர். வளைவுகளில் உடலுக்குக் கீழே தானே திரும்பிக்கொள்ளும் இந்தச் சட்டத்தைச் சக்கரத் தாங்கி எனலாம்.

இவ்வமைப்பே மாற்றங்களுக்கு வழிதிறந்தது. மேலேயுள்ள டீசல் பொறியையும் மின்னாக்கியையும் அப்படியே வைத்துக்கொண்டு, கீழேயுள்ள சக்கரத் தாங்கிகளை மட்டும் மாற்றினால் ஒரே எஞ்சின் பல அகலங்களில் ஓடும். ஜெனரல் மோட்டார்சின் ஜி12 என்னும் வகை இதற்கு நல்ல சான்று. 12 உருளைகளும் 1,310 குதிரைத்திறனும் கொண்ட இவ்வகை 1950களில் ஏற்றுமதிக்கென்றே உருவானது. உடல் குட்டையானது; எடை குறைந்தது; பழைய சுரங்கப்பாதைகளிலும் பாலங்களிலும் செல்லத்தக்கது. பிரேசிலின் மீட்டர் பாதை முதல் அர்ஜென்டினாவின் அகலப்பாதை வரை அது ஓடியது. 1956இல் ஜெனரல் எலக்ட்ரிக் அறிமுகப்படுத்திய ஏற்றுமதி வரிசைக்கு யுனிவர்சல், அஃதாவது எங்கும் பொருந்துவது என்றே பெயர் சூட்டப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

எஞ்சினின் பெயரே அதன் இயல்பைச் சொல்லும். யு20சி என்னும் பெயரில் 'யு' என்பது யுனிவர்சல் வரிசையையும், '20' என்பது ஏறத்தாழ 2,000 குதிரைத்திறனையும், 'சி' என்பது ஒவ்வொரு சக்கரத் தாங்கியிலும் மோட்டாருடன் கூடிய மூன்று அச்சுகள் இருப்பதையும் குறிக்கும். 'பி' எனில் இரண்டு அச்சுகள். 'டி' எனில் நான்கு அச்சுகள்.

சக்கரங்களுக்கு நடுவே

அகலத்தை மாற்றுவது சக்கரத்தை உள்ளே தள்ளி வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. இழுவை மோட்டார் அமர்ந்திருப்பது இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட இடத்தில்தான். 1,435 மில்லிமீட்டர் பாதையில் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 1,360 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். மீட்டர் பாதையில் கிடைப்பதோ ஏறத்தாழ 930 மில்லிமீட்டர். அதற்குள் மோட்டாரும் பற்சக்கரமும் அதன் உறையும் அடங்க வேண்டும்.

மோட்டாரின் ஆற்றல் அதிலுள்ள செம்புக் கம்பியின் அளவையும் இரும்பின் அளவையும் பொறுத்தது. இடம் குறைந்தால் இரண்டும் குறையும். அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். எனவே நிறுவனங்கள் குறுகிய பாதைகளுக்கெனத் தனி மோட்டார்களை உருவாக்கின. ஜெனரல் எலக்ட்ரிக் தன் உள்நாட்டு எஞ்சின்களில் 752 என்னும் மோட்டாரைப் பொருத்தியது. குறுகிய பாதைக்கு 761 என்னும் சிறிய மோட்டாரை அளித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மீட்டர் பாதைக்கு டி29 என்னும் மோட்டாரைப் பயன்படுத்தியது. மேலே எவ்வளவு பெரிய டீசல் பொறியை வைத்தாலும், கீழேயுள்ள சிறிய மோட்டார்கள் ஏற்கும் அளவுக்கே எஞ்சின் இழுக்கும். இந்த எல்லையைக் கடக்க வழி தேடியபோதுதான் பிரேசிலில் ஓர் அரிய எஞ்சின் பிறந்தது.

எட்டு அச்சுகளின் கதை

பிரேசிலின் விட்டோரியா-மினாஸ் இருப்புப்பாதை, அட்லாண்டிக் கரையிலுள்ள விட்டோரியாவிலிருந்து தோசி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே மினாஸ் ஜெரைஸ் மாநிலத்திற்குச் செல்கிறது. 1904இல் இதன் முதற்பகுதி திறக்கப்பட்டது. இதுவும் மீட்டர் பாதையே. 1942இல் பிரேசில் அரசு இரும்புத்தாது வெட்டியெடுக்க ஒரு நிறுவனத்தை உருவாக்கி, இப்பாதையை அதனிடம் ஒப்படைத்தது. 1966இல் துபரோன் துறைமுகம் திறக்கப்பட்டபின் தாது ஏற்றுமதி பெருகியது. காப்பி மூட்டைகளையும் மரத்தையும் சுமக்கப் போதுமானதாக இருந்த குறுகிய பாதை, மலை மலையாகத் தாதுவைச் சுமக்க வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் நான்கு அச்சுகள் கொண்ட ஜி12 எஞ்சின்களும், பின்னர் ஆறு அச்சுகள் கொண்ட ஜி16 எஞ்சின்களும் இப்பாதையில் உழைத்தன. அவையும் போதவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவில் எஸ்டி45 என்னும் 20 உருளைப் பொறி கொண்ட 3,600 குதிரைத்திறன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதனை மீட்டர் பாதைக்குக் கொண்டுவர இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை எடை. எஞ்சின் எடையுடையதாக இருந்தால்தான் அதன் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும். எடை குறைந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். எனவே எடையைக் குறைப்பது தீர்வாகாது. ஏறத்தாழ 160 டன் எடையை ஆறு அச்சுகளில் ஏற்றினால் ஓர் அச்சின்மேல் 26 டன்னுக்கு மேல் விழும். அதே எடையை எட்டு அச்சுகளில் பகிர்ந்தால் ஓர் அச்சின்மேல் 20 டன்தான் விழும். தண்டவாளம் அதனைத் தாங்கும்.

இரண்டாம் தடை மோட்டார். 3,600 குதிரைத்திறனை ஆறு மோட்டார்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 600 குதிரைத்திறனை ஏற்க வேண்டும். எட்டு மோட்டார்கள் பகிர்ந்தால் 450 போதும். மீட்டர் பாதையின் சிறிய மோட்டாருக்கு அஃது இயல்வதே. எட்டு அச்சுகள் என்னும் ஒரே விடை இரு தடைகளையும் நீக்கியது. டிடிஎம்45 எனப் பெயர்பெற்ற இந்த எஞ்சின் 1970 முதல் 1976 வரை 83 எண்ணிக்கையில் விட்டோரியா-மினாஸ் பாதைக்கென்றே உருவாக்கப்பட்டது.

ஆயினும் இவ்விடையும் குறையற்றது அன்று. நான்கு அச்சுகளை ஒரே நீண்ட சட்டத்தில் பொருத்தினால், கூர்மையான வளைவில் அச்சட்டம் எளிதில் திரும்பாது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உராய, இரண்டும் தேயும். பின்னாளில் இதற்கும் தீர்வு கண்டனர். நான்கு அச்சுச் சட்டத்திற்கு மாறாக, இரண்டு அச்சுகள் கொண்ட இரு சிறிய தாங்கிகளை ஒரு பாலச்சட்டத்தால் இணைத்தனர். எஞ்சினின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு தாங்கிகள் தனித்தனியே வளைவுக்கேற்பத் திரும்பின. 1990களில் ஜெனரல் எலக்ட்ரிக் இதே பாதைக்கு அளித்த பிபி40-9டபிள்யூ என்னும் 4,000 குதிரைத்திறன் எஞ்சின் இம்முறையில் அமைந்தது. அதன் பெயரிலுள்ள இரட்டைப் 'பி' இந்த இணைதாங்கிகளையே சுட்டுகிறது.

இன்று உலகில் மிகுதியான சுமையை ஏற்றிச் செல்லும் மீட்டர் பாதைகளுள் முன்னிற்பது விட்டோரியா-மினாஸ். தாது வண்டிகளுக்கு இடையே, விட்டோரியாவிற்கும் பெலோ ஒரிசாண்டே நகருக்கும் நாள்தோறும் பயணிகள் வண்டியும் ஓடுகிறது. பெரும்பாலான நெடுந்தொலைவுப் பயணிகள் வண்டிகள் மறைந்துபோன பிரேசிலில், ஆற்றங்கரைச் சிற்றூர் மக்களுக்கு அவ்வண்டி இன்றும் பயன்படுகிறது.

காற்று மெலியும் உயரம்

இனி மீண்டும் பெருவின் மலைப்பாதை. கலேராவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 55 விழுக்காடே இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். காற்றை இயல்பாக உறிஞ்சும் டீசல் பொறி ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் தன் திறனில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை இழக்கும் என்பது பொறியாளர் கணக்கு.

இதற்கு மருந்து டர்போசார்ஜர் என்னும் காற்றூட்டி. பொறியிலிருந்து வெளியேறும் சூடான புகையே ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அச்சுழலி வெளிக்காற்றை அமுக்கிப் பொறிக்குள் செலுத்துகிறது. மெலிந்த காற்றில் சுழலி இன்னும் விரைவாகச் சுழன்று, குறையை ஓரளவு ஈடுசெய்யும். அல்கோ நிறுவனத்தின் 251 வகைப் பொறி இத்தகைய காற்றூட்டி கொண்டது. அப்பொறி பொருத்திய டிஎல்560 எஞ்சின்கள் 1960களில் பெருவின் மத்திய இருப்புப்பாதைக்கு வந்தன. ஆனால் காற்றூட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறிச் சுழன்றால் அது சிதைந்துவிடும். ஆகவே மிகுந்த உயரத்தில் பொறிக்குச் செல்லும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். மலைக்குச் செல்லும் எஞ்சினின் திறனைக் காகிதத்திலேயே குறைத்துக் கணக்கிட்டு, அதற்கேற்ப இழுக்கும் பெட்டிகளைக் குறைப்பதும் தகவமைப்பின் ஒரு பகுதியே.

மெலிந்த காற்றின் பாதிப்பு பொறியோடு முடிவதில்லை. மோட்டார்களைக் குளிர்விக்கும் விசிறிகள் அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளுகின்றன. காற்றின் மின்தடுக்கும் தன்மையும் குறைவதால், மோட்டாருக்குள் மின்பொறி தாவும் வாய்ப்பு மிகும். 4,800 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 84 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே பொறியைக் குளிர்விக்கும் நீரை மூடிய அமைப்பில் அழுத்தத்துடன் வைத்திருக்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே இடர் மிகுந்தது. நெடுஞ்சரிவில் பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை சூடேறிப் பற்றும் திறனை இழக்கும். டீசல் மின் எஞ்சினில் இதற்கு நல்லதொரு வழி உண்டு. இறக்கத்தில் இழுவை மோட்டார்களை மின்னாக்கிகளாக மாற்றிவிடலாம். உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, பிறக்கும் மின்சாரம் கூரைக்கருகிலுள்ள கம்பிச் சட்டங்களில் வெப்பமாகி வெளியேறும். வண்டியின் வேகம் கட்டுக்குள் நிற்கும். மலைப்பாதைக்கு எஞ்சின் வாங்குவோர் இவ்வசதியைத் தவறாது கேட்டுப் பெற்றனர்.

பின்னாளில் அமெரிக்காவில் ஓடி ஓய்வுபெற்ற சி30-7, சி39-8 வகை ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்களும் இம்மலையேறின. பெருவின் கமிசேயா வயல்களிலிருந்து இயற்கை எரிவாயு லிமாவை அடைந்தபின், டீசலோடு அவ்வாயுவையும் எரிக்கும்படி எஞ்சினை மாற்றியமைக்கும் முயற்சியையும் இந்த இருப்புப்பாதை மேற்கொண்டது.

பிரேக்கும் இணைப்பும்

பழைய பெட்டிகளோடு புதிய எஞ்சின் இணைந்தாக வேண்டும். அமெரிக்க வண்டிகளில் காற்றழுத்த பிரேக் வழக்கம். பிரிட்டிஷ் நிறுவனங்கள் அமைத்த அர்ஜென்டினப் பாதைகளிலோ வெற்றிட பிரேக் வழக்கில் இருந்தது. ஆகவே அங்குச் சென்ற அமெரிக்க எஞ்சின்களில், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் கருவியும் சேர்க்கப்பட்டது. பெட்டிகளை இணைக்கும் கொக்கியும் முட்டுத்தாங்கியும் அந்தந்தப் பாதையின் வழக்கப்படி அமைக்கப்பட்டன.

இதில் கருதத்தக்க ஓர் அறிவியல் உண்மை உண்டு. வெற்றிட பிரேக்கை அழுத்துவது வெளிக்காற்றின் அழுத்தமே. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அந்த பிரேக்கின் வலிமையும் குறையும். காற்றழுத்த பிரேக்கில் கம்ப்ரசர் அமுக்கித் தரும் காற்று உழைப்பதால் அது மலைக்கு ஏற்றது. ஆயினும் மெலிந்த காற்றை அமுக்கக் கம்ப்ரசர் மிகுதியாக உழைக்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறைகள்

வாங்கிய எஞ்சின் வந்து சேர்வதோடு வேலை முடிவதில்லை. ஓர் எஞ்சின் 30, 40 ஆண்டுகள் உழைக்கக்கூடியது. அக்காலம் முழுவதும் உதிரிப்பாகம் வேண்டும். அவை டாலர் கொடுத்து வாங்க வேண்டியவை. அந்நியச் செலாவணி தட்டுப்பட்ட ஆண்டுகளில் பல எஞ்சின்கள் உதிரிப்பாகமின்றி நின்றன. ஓர் எஞ்சினைப் பிரித்து அதன் பாகங்களால் மற்றொன்றை ஓடச்செய்வதும் நிகழ்ந்தது. 1969இல் அல்கோ நிறுவனம் எஞ்சின் தயாரிப்பை நிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த பாதைகளுக்குச் சிக்கல் கூடியது. பிறர் வடிவமைத்த பொறியை நம்பி வாழ்வதன் விலை இது.

இந்நிலையை மாற்ற உள்நாட்டுத் தயாரிப்பு தொடங்கப்பட்டது. அர்ஜென்டினாவின் ஆஸ்டார்சா என்னும் கப்பல் கட்டும் நிறுவனம் உரிமம் பெற்று ஜெனரல் மோட்டார்ஸ் வகை எஞ்சின்களைக் கட்டியது. பிரேசிலின் கம்பினாஸ் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையில் யு20சி எஞ்சின்கள் உருவாயின. பின்னர் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் கொன்டாஜெம் நகர் எஞ்சின் தயாரிப்பின் மையமாயிற்று.

பட்டறைகள் மேலும் ஒரு படி சென்றன. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற எஸ்டி40-2, சி36-7 வகை எஞ்சின்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, அவற்றின் ஆறு அச்சுத் தாங்கிகளைக் கழற்றி, நான்கு இணைதாங்கிகளை மாட்டி, மீட்டர் பாதைக்கு ஏற்றவையாக மாற்றினர். பிபி40-2, பிபி36-7 என்னும் பெயர்களில் அவை பிரேசிலில் மறுவாழ்வு பெற்றன. டிடிஎம்45 எஞ்சின்கள் சிலவற்றின் நீண்ட நான்கு அச்சுச் சட்டங்களும் இம்முறையில் மாற்றப்பட்டன. ஒரு காலத்தில் அமெரிக்க ஆலை செய்து கொடுத்த தகவமைப்பைப் பின்னர் பாதையின் இயல்பறிந்த உள்ளூர்க் கைகளே செய்தன.

தெரியுமா?

அர்ஜென்டினா, சிலி நாடுகளின் அகலப்பாதையும் இந்திய அகலப்பாதையும் ஒரே அளவினவே. இரண்டும் 1,676 மில்லிமீட்டர். உலகின் இரு கோடிகளிலுள்ள இப்பாதைகளுக்கு ஒரே அகலமுள்ள சக்கரங்கள் பொருந்தும்.

உறவுக்கார எஞ்சின்கள்

அல்கோ நிறுவனத்தின் உலக வரிசை எஞ்சினான டிஎல்500, பெருவிலும் அர்ஜென்டினாவிலும் ஓடியது. அதே வகை 1950களின் இறுதியில் டபிள்யூடிஎம்1 என்னும் பெயரில் இந்தியாவிற்கும் வந்தது. ஆண்டிசில் ஏறிய டிஎல்560 வகையின் உடன்பிறப்பே டபிள்யூடிஎம்2. 1964 முதல் அது வாரணாசி டீசல் எஞ்சின் ஆலையில் உருவானது. ஈக்வடாரின் மலைப்பாதையிலும் பெருவின் குறுகிய பாதையிலும் ஓடிய டிஎல்535 குடும்பத்தைச் சேர்ந்தது இந்தியாவின் மீட்டர் பாதை எஞ்சினான ஒய்டிஎம்4. திருச்சிராப்பள்ளி பொன்மலையில் பராமரிக்கப்பட்ட இவ்வகை எஞ்சின்கள், செங்கோட்டையிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலையைக் கடந்து கொல்லத்திற்கு வண்டிகளை இழுத்துச் சென்றன.

அல்கோ மூடப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் அதன் வடிவமைப்பைச் சார்ந்த எஞ்சின்கள் வாரணாசியில் உருவாயின. வடிவமைப்பைக் கற்று, உதிரிப்பாகத்தையும் உள்நாட்டிலேயே செய்துகொண்ட நாட்டை, மூல நிறுவனத்தின் முடிவு தளரச் செய்யவில்லை. தென் அமெரிக்கப் பட்டறைகள் அரிதின் முயன்று கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

நிறைவாக

டீசல் எஞ்சினின் தகவமைப்பு தென் அமெரிக்க இருப்புப்பாதைகளின் எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடவில்லை. அகலங்கள் இன்றும் பலவாகவே உள்ளன. ஒரு பாதையின் பெட்டி மற்றொரு பாதைக்குச் செல்ல இயலாமல், சரக்கை இறக்கி ஏற்றும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்தோடு போட்டியிட இயலாமல் கைவிடப்பட்ட பாதைகளும் உண்டு.

ஆனால் 1904இல் போட்ட மீட்டர் பாதையில் இன்றும் இரும்புத்தாது கடலை நோக்கி ஓடுகிறது. 1870இல் மலையில் குடையத் தொடங்கிய பாதையில் இன்றும் கனிமம் இறங்கி வருகிறது. பாதையின் அகலம், தண்டவாளத்தின் வலிமை, வளைவின் கூர்மை, காற்றின் அடர்த்தி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அளந்து, அவற்றுக்கேற்ப எஞ்சினை மாற்றியவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. சிறந்த பொறி எது என்று கேட்கும்முன் அது எங்கே ஓடப்போகிறது என்று அவர்கள் கேட்டனர். எந்தத் தொழில்நுட்பத்தை எந்த நாடு ஏற்கும்போதும் முதலில் எழ வேண்டிய வினா அதுவே.

கற்பவை கற்றபின்

1. 150 டன் எடையுள்ள எஞ்சினை நான்கு, ஆறு, எட்டு அச்சுகளில் அமைத்தால் ஓர் அச்சின்மேல் விழும் எடையைக் கணக்கிட்டு, அதன் பயனை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உயரம் கூடும்போது டீசல் எஞ்சினுக்கு ஏற்படும் இடர்ப்பாடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கண்ட தீர்வை எழுதுக.

3. வேறிடத்தில் உருவாகி உங்கள் ஊரின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட கருவி ஒன்றைப் பற்றி, அதனைப் பயன்படுத்துவோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.